வேடியப்பனின் வின்ஸ்லேட்டும் மெய்ப்போலிச் சான்றும்

ஒரு வண்டி பழையதா புதியதா என்று கண்டறிய மக்கள் நெடுங்காலமாக ஒரே ஒரு முறையைத்தான் கையாண்டு வந்தார்கள். வண்டியைப் பார்ப்பார்கள். இந்த முறையில் பிழை நேர இடமுண்டு என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியதால், கள்ளக்குறிச்சியில் 'மாவட்டத் தொன்மை ஊர்தி மெய்யறி அலுவலகம்' திறக்கப்பட்டது. ஒரு மேசை, ஒரு பீரோ, மூன்று ரப்பர் முத்திரைகள், தட்டச்சு செய்ய சந்தியா என்ற பெண், எல்லாவற்றுக்கும் மேலே அலுவலர் தீனதயாளன். குறை என்று பார்த்தால் ஒன்றுதான். மாவட்டத்தில் தொன்மை ஊர்தி எதுவும் இல்லை.

தீனதயாளன் மனம் தளரவில்லை. ஏழு மாதம் தினமும் பத்து மணிக்கு வந்து, முத்திரைகளைத் துடைத்து, மை காய்ந்துவிடாமல் இருக்க வெள்ளைத்தாளில் மூன்று முறை குத்திப் பார்த்து, ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குப் போனார். அவருடைய கடமை உணர்ச்சியைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

இந்த ஏழு மாதத்தில் ஊருக்குள் பழசுக்குத் திடீரென்று மவுசு கூடியிருந்தது. கான்கிரீட் வீடு கட்டுகிறவர்கள் முன்பக்கம் மட்டும் ஓடு வேய்ந்தார்கள். கடையில் புதிதாக வாங்கிய ஜீன்ஸுக்கு முட்டியில் ஓட்டை இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன் எடுக்கும் போட்டோவில் மாப்பிள்ளை மாட்டு வண்டி ஓட்டினார். வாழ்க்கையில் அதற்கு முன் அவர் மாட்டு வண்டியில் ஏறியது கிடையாது. மாட்டுக்கு மட்டும் கேமரா பழகியிருந்தது.

பிறகு மாட்டு வண்டியும் அலுத்துவிட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளைக்காரன் காலத்துக் காரில் வந்து இறங்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள்.

கச்சிராயபாளையத்தில் அணைக்குப் போகிற சாலையில் வேடியப்பன் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். டிராக்டர், கரும்பு டிரெய்லர், தண்ணீர் மோட்டார் எது வந்தாலும் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் செய்த வண்டியை ரிப்பேர் செய்தவருக்கு, தானே ஒரு வண்டி செய்து பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. போட்டோ ஸ்டூடியோவில் மாட்டியிருந்த ஒரு காலண்டர் படம் அதைக் கிளறிவிட்டது. படத்தில் 1934ஆம் வருஷத்து வின்ஸ்லேட் என்ற சீமைக் கார், நீண்ட மூக்கும் வட்டக் கண்ணுமாக நின்றுகொண்டிருந்தது.

ஒன்றரை வருஷம் ஆனது. புளியமரத்தில் மோதிய ஒரு வேனிலிருந்து எஞ்சின் வந்தது. கரும்பு டிரெய்லரிலிருந்து அச்சு வந்தது. தகட்டை வாங்கி, ஆற்றங்கரைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி மட்கார்டை வளைத்தார். சீட்டுக்கு மெரூன் நிற ரெக்சினை அவர் மனைவி அமிர்தம் தைத்துக் கொடுத்தாள். முகப்பு விளக்குக்குத்தான் சரியான வட்டம் கிடைக்கவில்லை. ஒருநாள் சமையலறையில் கிடைத்தது.

"ஏங்க, என் குண்டான் ரெண்டும் எங்க? அம்மா வூட்ல குடுத்தது. காலையிலருந்து தேடிக்கினு இருக்கேன்."

"வெளிய வந்து பாரு."

அமிர்தம் வெளியே வந்தாள். குண்டான்கள் இரண்டும் காரின் மூக்குக்கு இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சோறு எதுல வடிக்கிறது?" என்றாள். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. வண்டி அவ்வளவு அழகாக இருந்தது.

சின்னசேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை முகூர்த்த நாளில் அந்தச் சிவப்புக் கார்தான். வேடியப்பனே ஓட்டுவார். யார் என்ன கேட்டாலும், "நான் செஞ்சதுங்க" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

செவ்வந்தி கல்யாணத்தன்றுதான் வினை வந்தது. உள்ளூர்ப் பெண், மாப்பிள்ளை இளமாறன் களமருதூர்க்காரர். பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு மேளதாளத்தோடு கார் ஊர்ந்து வந்தது. எதிரே, அணையைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்திருந்த தீனதயாளன் நின்றிருந்தார். காரைப் பார்த்ததும் அவர் கண்கள் கலங்கின. ஏழு மாதத்தில் முதல்முறையாக அவருக்கு வேலை வந்திருந்தது. ஓடிப்போய் காருக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"இந்த ஊர்தி எந்த ஆண்டைச் சேர்ந்தது?"

"ரெண்டு வருஷம்கூட ஆவலீங்க சார்," என்றார் வேடியப்பன்.

"பார்த்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு போல இருக்கிறதே?"

"ரொம்ப சந்தோஷங்க சார்."

"சந்தோஷம் இருக்கட்டும். முப்பத்து நான்கு என்றால் தொன்மைச் சான்று வேண்டும். எங்கே?"

"பழசு இல்லீங்க. நான் செஞ்சது. புதுசு."

"புதுசு என்றால் புதிய வண்டிக்குரிய காற்றுப்பை எங்கே? கதவில் கண்ணாடி எங்கே?"

"அந்தக் காலத்து வண்டியில அதெல்லாம் ஏதுங்க சார்?"

"ஆக, அந்தக் காலத்து வண்டி என்று ஒப்புக்கொள்கிறீர்."

"இல்லீங்க. அந்தக் காலத்து வண்டி மாதிரி."

"மாதிரி என்றால்?"

வேடியப்பன் சுற்றிலும் பார்த்தார். மேளக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டூப்ளிகேட்டுங்க," என்றார் மெல்ல.

அலுவலரின் முகம் மலர்ந்தது. "பிரிவு ஆறு!" என்றார். யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் ஏழு மாதமாகக் காத்திருந்தது குரலிலேயே தெரிந்தது. "பழையது போல் தோன்றும் புதிய ஊர்தி, மெய்ப்போலிச் சான்று இல்லாமல் பொதுச்சாலையில் இயங்கக் கூடாது. வண்டி அலுவலகப் பொறுப்பில் எடுக்கப்படுகிறது."

மணப்பெண் செவ்வந்தி மாலையை ஒதுக்கிக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள். "சார், முகூர்த்தம் போய்க்கினு இருக்குது."

"முகூர்த்தம் எங்கள் அலுவலக வரம்பில் வராதும்மா."

செவ்வந்தி இறங்கினாள். அந்த வழியாக வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தி, ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இரண்டு பேரை நகரச் சொல்லி, மாப்பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டு மண்டபம் போய்ச் சேர்ந்தாள். கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. போட்டோக்காரர் மட்டும் சாப்பிடவில்லை.

மறுநாள் வேடியப்பன் கள்ளக்குறிச்சிக்குப் போனார். சந்தியா ஒரு படிவத்தை நீட்டினாள். நைனார்பாளையத்துப் பெண், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே பேசுவாள்.

"ஏழாவது கட்டத்தப் பாருங்கண்ணா. முதற்போலியா, இடைப்போலியா, கடைப்போலியா? டிக் போடுங்க."

"இது பள்ளிக்கூடத்துல தமிழய்யா சொன்னதாச்சேம்மா?"

"அதேதாண்ணா. சட்டம் எழுதுனவரு தமிழ் வாத்தியாரா இருந்தவராம். மூக்கு மட்டும் போலின்னா முதற்போலி. நடுவுல மட்டும்னா இடைப்போலி. பின்னாடி மட்டும்னா கடைப்போலி."

"முழுசும்தாம்மா."

"அப்ப முற்றுப்போலி."

உள்ளேயிருந்து தீனதயாளன் குரல் கொடுத்தார். "வண்டி உண்மையிலேயே ஓடுகிறதா?"

"நல்லா ஓடுதுங்க சார்."

"அப்படியென்றால் முற்றுப்போலி இல்லை. ஓட்டம் மெய். தோற்றம் போலி. ஆகவே மெய்ப்போலி. நேற்றே சொன்னேனே." அவர் வெளியே வந்து முத்திரையைக் கையில் எடுத்தார். வேடியப்பன் கும்பிட்டார். முத்திரை பாதி வழியில் நின்றது. "அசல் எங்கே?"

"எதுங்க?"

"எதற்குப் போலி என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? அசல் இல்லாமல் போலி எப்படி உண்டாகும்? அசல் இல்லாத போலிக்குச் சட்டத்தில் அசல் என்றே பெயர். அப்புறம் காற்றுப்பை கேட்பேன்."

"நான் காலண்டரப் பாத்துச் செஞ்சேங்க."

"காலண்டரின் சான்றொப்பமிட்ட நகல் ஏற்கப்படாது. வண்டி வேண்டும்."

வேடியப்பன் வாசலில் வந்து உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தியா தண்ணீர் பாட்டிலோடு வெளியே வந்தாள். "அண்ணா, எங்க ஊர்ல சுப்புராயன்னு ஒருத்தர் இருக்காரு. அவரு கொட்டாயில ஒரு பழைய காரு கெடக்குது. சின்னப் புள்ளையில நாங்க அதுல போயி முட்ட எடுப்போம். மூக்கு உங்க வண்டியாட்டம்தான் இருக்கும்."

சுப்புராயன் நைனார்பாளையத்தில் நிலபுலன் உள்ளவர். அவர் தாத்தா வாங்கியது அந்தக் கார். தாத்தாவோடு அதன் ஓட்டமும் நின்றது. வேடியப்பன் கொட்டகைக்குள் நுழைந்து சாக்கை விலக்கிப் பார்த்தார். காலண்டரில் பார்த்த அதே மூக்கு. உள்ளேயிருந்து ஒரு சேவல் எட்டிப் பார்த்தது.

"அண்ணா, இது நெசமான வின்ஸ்லேட்டு!"

"அதத்தான்யா நானும் இந்த ஊர்ல நாப்பது வருஷமா சொல்லிக்கினு இருக்கேன்," என்றார் சுப்புராயன். "ஒரு பய நம்பல. கோழிக்கூண்டுங்கறானுங்க. கோழி குடியிருந்தா கூண்டாயிடுமா? ராஜா வூட்டு அரமனையிலகூட பொறா இருக்கும். அதுக்காக அத பொறாக்கூண்டுன்னா சொல்றோம்?"

"கொண்டாந்து காட்டுனா கவர்மெண்டுலயே அசல்னு எழுதிக் குடுப்பாங்கண்ணா."

சுப்புராயன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. "முத்திரையோட குடுப்பானா?"

"மூணு முத்திரை வெச்சிருக்காருங்க."

"டிராக்டரக் கட்டுய்யா."

அலுவலக மைதானத்தில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சந்தியா ஒவ்வொன்றாக வாசித்தாள். தீனதயாளன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

"நிறம். அசல்: துரு. போலி: சிவப்பு."

"வேறுபாடு."

"இருக்கை. அசல்: வைக்கோல், மூணு முட்டை. போலி: ரெக்சின்."

"வேறுபாடு."

"ஓட்டம். அசல்: ஓடாது. போலி: ஓடும்."

"பெரிய வேறுபாடு."

இருபத்திரண்டு இனங்களில் பத்தொன்பது வேறுபட்டன. தீனதயாளன் வருத்தத்தோடு கண்ணாடியைக் கழற்றினார்.

"வேடியப்பன், இது நல்ல போலி இல்லை. உங்கள் வண்டி அசலைவிட நன்றாக இருக்கிறது. போலி அசலைவிட நன்றாக இருப்பது கடுமையான விதிமீறல்."

"நான் இப்ப இன்னாங்க பண்றது?"

"இரண்டு வழி. உங்கள் வண்டியைத் துருப்பிடிக்கவிட்டு, எஞ்சினை இறுகச் செய்து, உரிய எண்ணிக்கையில் கோழி விடலாம். அல்லது அசலை உங்கள் போலிக்கு இணையாக உயர்த்தலாம். முப்பது நாள் அவகாசம். அதுவரை உங்கள் வண்டியையும் பட்டறைக்கு இழுத்துப் போகலாம். பிறகு மலையேற்றச் சோதனை. இரண்டும் ஒரே மாதிரி ஏற வேண்டும்."

அன்று வீட்டுக்கு வந்த வேடியப்பன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"மொத வழிதாங்க சுளுவு," என்றாள் அமிர்தம். "பக்கத்து வூட்ல பத்து கோழி இருக்குது. கேட்டா குடுப்பாங்க."

"இல்ல அமிர்தம். இருபத்திரண்டு வருஷமா ஊரான் வண்டியப் பாத்துக்கினு இருக்கேன். இது ஒண்ணுதான் நான் செஞ்சது. அதுல போயி கோழிய வுடுறதா?"

இரண்டாவது வழியையே எடுத்தார். சுப்புராயனின் வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். மூக்கைத் திறந்தால் உள்ளே எஞ்சின் இல்லை. எலி கொண்டுவந்து சேர்த்த நிலக்கடலைத் தோல் இருந்தது. ஆகவே இன்னொரு வேன் எஞ்சின் தேடிப்பிடித்தார். மட்கார்டைத் தொட்டார், அது கையோடு வந்துவிட்டது. புதிதாகத் தட்டினார். அமிர்தம் இன்னொரு செட் சீட் தைத்தாள். அதே சிவப்பு அடித்தார்கள். ரேடியேட்டர் மட்டும் எங்கும் அமையவில்லை. அசல் வண்டி நடுமலையில் நின்றால் மரியாதையாக இருக்காதே என்று, தன் வண்டியிலிருந்த நல்ல ரேடியேட்டரைக் கழற்றி அதில் மாட்டினார். தன்னுடையதில் ஒட்டுப் போட்ட பழைய டிராக்டர் ரேடியேட்டரை வைத்தார்.

இருபத்தெட்டாம் நாள் அமிர்தம் இரண்டு வண்டிகளையும் சுற்றிச் சுற்றி வந்தாள். "ஏங்க, அவுரு வண்டியில பழசு இன்னா மிச்சம் இருக்குது?"

வேடியப்பன் வெகுநேரம் தேடினார். "ஸ்டியரிங்கு," என்றார்.

கழற்றிய துருவெல்லாம் நான்கு சாக்கு வந்தது. பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சோதனை நாளில் கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்குப் போகிற மலைப்பாதை அடிவாரத்தில் எல்லோரும் கூடினார்கள். சுப்புராயன் பட்டு வேட்டியில், தன் வண்டியில் தானே ஓட்டுநராக உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிபோல மின்னுகிற அந்த வண்டியைப் பார்த்து, "எங்க தாத்தா வெச்ச மேனிக்கு அப்பிடியே இருக்குது பாரு!" என்று எல்லோரிடமும் சொன்னார். பின்னால் வேடியப்பனும் அமிர்தமும் தங்கள் வண்டியில். அதற்கும் பின்னால் ஜீப்பில் அலுவலரும் சந்தியாவும்.

முதல் வளைவு, இரண்டாவது வளைவு, எல்லாம் நல்லபடியாகப் போனது. நான்காவது கொண்டை ஊசி வளைவில் வேடியப்பன் வண்டியின் மூக்கிலிருந்து புகை கிளம்பியது. ஒட்டுப் போட்ட ரேடியேட்டர் உஸ்ஸென்று ஒருமுறை சொல்லிவிட்டு ஓய்ந்தது. வண்டி நின்றது. சுப்புராயன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே மேலே போய் மறைந்தது. பின்னால் வந்த வெள்ளிமலை பஸ்ஸும் நின்றது. பயணிகள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள்.

தீனதயாளன் ஜீப்பிலிருந்து இறங்கி, நின்ற வண்டியைச் சுற்றி வந்தார். புகையை முகர்ந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"இதுதான் அசல்," என்றார்.

"சார், அசல் முன்னாடி போவுதுங்க," என்றார் வேடியப்பன்.

"புதிய வண்டி மலை ஏறும். பழைய வண்டி நடுவழியில் நிற்கும். இது நின்றது. ஆகவே இது பழையது. முன்னால் ஓடுகிறதே, அது போலி. எழுதிக்கொள் சந்தியா."

"சார்! நான் செஞ்சது சார் இது! இந்த மட்கார்டு நான் தட்டுனது. சுத்தியல் பட்ட எடம் பாருங்க!"

"பண்டைய கைவேலைப்பாடு காணப்படுகிறது. அதையும் எழுதிக்கொள்."

அமிர்தம் பொறுமையிழந்து இறங்கினாள். "சார், இங்க வாங்க. இந்த லைட்டு எங்க வூட்டு குண்டான் சார். என் கல்யாணத்துக்கு எங்கம்மா வூட்ல பேர் வெட்டிக் குடுத்தது. குனிஞ்சி பாருங்க."

தீனதயாளன் சாலையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார். விளக்கின் அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: 'அமிர்தம் 6.9.06'. அவர் அதை விரலால் தடவிப் படித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு!"

"ரெண்டாயிரத்து ஆறு சார்!" என்று அமிர்தம் கத்தினாள்.

"நூற்றாண்டு குறிப்பிடப்படவில்லை. ஐயம் எழும்போது பழைமைக்குச் சாதகமாக முடிவெடுக்க வேண்டும். பிரிவு பதினொன்று." அவர் நிமிர்ந்து விளக்கைக் கும்பிட்டார். "முப்பத்து நான்கு என்று நினைத்தோம். அதைவிட இருபத்தெட்டு வருஷம் மூத்த வண்டி! முதல் உரிமையாளர் பெயர் அமிர்தம்."

"நாந்தான் சார் அமிர்தம்!"

"உங்கள் வயதென்ன?"

"முப்பத்தெட்டு."

"அப்படியானால் நீங்கள் இல்லை."

பஸ்ஸில் வந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சூடு தாங்காமல் கையை உதறினார். அதற்குள் மேலே போன சுப்புராயன், பின்னால் யாரும் வராததைக் கண்டு திரும்பி வந்துவிட்டார். செய்தி கேட்டதும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"யோவ், யாரு வண்டியப் போலிங்கற? இந்த ஸ்டியரிங்கப் பாரு! எங்க தாத்தா கைபட்ட ஸ்டியரிங்கு!"

"தாத்தாவின் கைரேகைப் பதிவு வைத்திருக்கிறீர்களா?"

சுப்புராயனிடம் அது இல்லை.

மூன்று முத்திரைகளும் அன்று மலையிலேயே குத்தப்பட்டன. சுப்புராயனின் வண்டிக்கு மெய்ப்போலிச் சான்று வழங்கப்பட்டது. வேடியப்பனின் வண்டிக்குத் தொன்மைச் சான்று வழங்கப்பட்டது. தொன்மை ஊர்தியைச் சாலையில் ஓட்டக் கூடாது. கல்யாணத்துக்கு அனுப்பக் கூடாது. ஸ்பேனர் வைக்கக் கூடாது. பட்டறைக்கு இழுத்துப்போய்க் கயிறு கட்டிப் பாதுகாக்க வேண்டும். அந்த உயரிய பொறுப்பு வேடியப்பனிடமே ஒப்படைக்கப்பட்டது.

சுப்புராயன் ஒரு வாரம் யாருக்கும் முகம் காட்டவில்லை. எட்டாம் நாள் ஒரு கல்யாண வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். "கவர்மெண்டு சர்ட்டிபிகேட் வாங்குன டூப்ளிகேட் வண்டி உங்களதுதானங்க? இப்பல்லாம் எது டூப்ளிகேட்டுன்னே நம்ப முடியல. உங்களதுதான் ஒரிஜினல் டூப்ளிகேட்டுன்னு சொன்னாங்க." அடுத்த முகூர்த்தத்திலிருந்து அவர் சான்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வண்டியின் நெற்றியில் மாட்டிவிட்டார். தாத்தாவைப் பற்றிப் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்.

அலுவலகத்திலிருந்து வந்து வேடியப்பன் பட்டறையில் பலகை வைத்தார்கள். வைத்துவிட்டு ஆட்கள் போன பிறகு அவர் அதை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார். 'அமிர்தம் துரைசாணியின் ஊர்தி. ஆண்டு 1906. செய்தவர்: பெயர் அறியப்படாத ஆங்கிலேயர்.' கடைசி வரியை மட்டும் இரண்டாம் முறை படித்தார். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அமிர்தம் வந்து எழுப்பியும் எழவில்லை.

மக்கள் வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆசிரியை சுபஸ்ரீ பஸ் வைத்து அழைத்து வந்தார். காப்பாளர் என்ற முறையில் வேடியப்பன் விளக்கம் சொல்ல வேண்டும். அவர் உண்மையைச் சொன்னார்.

"இது நான் செஞ்ச வண்டிங்க. ஒன்றர வருஷம் ஆச்சி. இந்தத் தகடு கள்ளக்குறிச்சியில வாங்குனது."

பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. சுபஸ்ரீ அவரைத் தனியே அழைத்தார். "சார், இவ்ளோ தூரம் வந்துருக்கோம். பசங்களுக்கு எதாச்சும் நல்லதா சொல்லுங்க சார்."

மறுவாரம் தபாலில் கடிதம் வந்தது. மாவட்டத்தின் தொன்மைச் சின்னத்தைத் தன் சொந்தத் தயாரிப்பு என்று பொதுமக்களிடம் கூறி வரலாற்றைத் திரித்து வருவதாகத் தங்கள் மீது பதினான்கு புகார்கள் வரப்பெற்றுள்ளன. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். புகார் கொடுத்தவர்களில் ஒன்பது பேர் அவரிடம் டிராக்டர் ரிப்பேர் செய்துகொண்டவர்கள்.

"சொல்லிட்டுப் போங்களேன்," என்றாள் அமிர்தம். "கேக்கறவங்களுக்கு இன்னா பிடிக்குதோ அத."

அதன் பிறகு வேடியப்பன் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அமிர்தம் துரைசாணி கல்வராயன் மலைக்காற்றில் மயங்கிச் சீமைக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டாள் என்றார். கூட்டத்தில் ஒருவர், "ஆமா, தேன்னா அந்தம்மாவுக்கு உசுரு" என்று எடுத்துக் கொடுத்தார். கச்சிராயபாளையத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இப்போது துரைசாணியைப் பற்றி ஏதாவது ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. ஒருவருடைய அப்பா அவள் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டிருக்கிறார். இன்னொருவர் குடும்பத்தோடு அவளுக்கு வாய்க்கால் தகராறு இருந்திருக்கிறது. அந்த வழக்கில் அவள் பக்கம் நியாயமா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து டீக்கடையில் சண்டைகூட நடந்தது. பட்டறைக்கு எஞ்சின் வேலை வருவது நின்றுவிட்டது. இவ்வளவு பழைய வண்டியை வைத்திருப்பவருக்குப் புது வண்டி வேலை தெரியுமா என்று மக்களுக்கு ஒரு சந்தேகம்.

போன மாதம் நானும் போயிருந்தேன். கதை முழுவதும் எனக்குத் தெரியும். வேடியப்பன் ஒன்றுவிடாமல் என்னிடம் சொன்னார். மட்கார்டில் சுத்தியல் பட்ட இடத்தைக்கூடத் தடவிக் காட்டினார். சொல்லி முடித்துவிட்டு, "நீங்களாச்சும் நம்புறீங்களா?" என்று கேட்டார். நம்புகிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிறகு வந்ததற்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று செல்போனை எடுத்தேன். வண்டிக்கு முன்னால் அமிர்தம் எனக்கு டீ டம்ளரை நீட்டியபடி நின்றாள்.

"கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா," என்றேன். "துரைசாணி வண்டி மறையுது."

அமிர்தம் தள்ளி நின்றாள். படம் நன்றாக வந்தது. பழைய படம்போல் தெரிய வேண்டுமென்று கறுப்பு வெள்ளையாக மாற்றிப் போட்டேன். அந்தக் காலத்தை நேரில் பார்த்தது மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.